மூன்று முறை இரத்தம் ஏற்றிய குழந்தைக்கு மறுபடியும் எதற்கு இரும்புச்சத்து?

நீங்கள் எழுதி அனுப்பிய கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 28 வாரத்தில், 1 கிலோ எடையில் பிறந்த மகள். முதல் ஐந்து வாரங்களுக்குள் மூன்று முறை இரத்தம் ஏற்றியிருக்கிறார்கள். இப்போது பத்து வாரம் முடிந்து 2.2 கிலோ. ஹீமோகுளோபின் 8.4, ரெட்டிகுலோசைட் (புதிய சிவப்பணுக்கள்) 6 சதவீதம், ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 160. இனி இரத்தம் வேண்டாம் என்று சொல்லி, டாக்டர் இரும்புச்சத்துச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் மாமியார், "இரத்தமே மூணு தடவை ஏத்தியாச்சு, அப்புறம் எதுக்கு இரும்பு?" என்று கேட்கிறார். உங்களுக்கு நேர்மாறான சந்தேகம்: ஹீமோகுளோபின் இவ்வளவு குறைவாக இருக்கிறதே, இன்னொரு முறை ஏற்றினால் எடையும் வேகமாக ஏறாதா?

இரண்டுமே நல்ல கேள்விகள். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாகப் பெற்றோர் இதே கேள்விகளை என்னிடம் கேட்டு வருகிறார்கள். வார்டில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில் இது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் 8.4 என்ற எண்ணைப் பார்ப்போம். உங்கள் மகள் பிறந்தபோது உடம்பில் இருந்த மொத்த இரத்தம் சுமார் 90 மில்லி. ஒரு சின்னக் காபி டம்ளர் கூட நிறையாது. அப்போது ஹீமோகுளோபின் 15, அதாவது 100 மில்லி இரத்தத்தில் 15 கிராம், இருந்தது என்று வைத்துக்கொண்டால், உடம்பு முழுவதும் சேர்த்து 13.5 கிராம். இன்று 2.2 கிலோ குழந்தையிடம் ஏறக்குறைய 185 மில்லி இரத்தம் இருக்கும். ஹீமோகுளோபின் 8.4 என்றால் மொத்தம் 15.5 கிராம். அதாவது ரிப்போர்ட்டில் எண் பாதியாகத் தெரிகிறது, ஆனால் உடம்பில் உள்ள மொத்த ஹீமோகுளோபின் பிறந்த அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. குழந்தை இரண்டு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது, இரத்தத்தின் அளவும் அதோடு கூடியது, சிவப்பணுக்கள் அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. எண் குறைந்ததற்குப் பெரிய காரணம் அவள் வளர்ந்ததுதான்.

மற்ற காரணங்களும் உண்டு. பெரியவர்களின் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். குறைமாதக் குழந்தையின் சிவப்பணு 35 முதல் 50 நாள்தான். புதிய சிவப்பணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மஜ்ஜைக்கு உத்தரவிடும் ஹார்மோனுக்கு எரித்ரோபாய்டின் என்று பெயர். கருவில் இருக்கும்போது அதைச் சுரப்பது கல்லீரல். கருப்பைக்குள் ஆக்சிஜன் எப்போதுமே குறைவு என்பதால், கொஞ்சநஞ்சக் குறைவை அந்தக் கல்லீரல் பொருட்படுத்தாது. சிறுநீரகம் இந்த வேலையை முழுதாக எடுத்துக்கொள்ள இன்னும் பல வாரங்கள் ஆகும். அந்த இடைக்காலத்தில் வெளியே வந்துவிட்ட குழந்தைக்கு இரத்தம் குறையும்போது, 'உண்டாக்கு' என்ற உத்தரவு தாமதமாகவும் மெலிதாகவும்தான் போகிறது. அப்புறம் நாங்கள் பரிசோதனைக்காக எடுக்கும் இரத்தம். ஒவ்வொரு முறையும் அரை மில்லி, ஒரு மில்லி என்று எடுப்பது பார்வைக்கு ஒன்றுமில்லைதான். மொத்தமே 90 மில்லி உள்ள குழந்தையிடம் முதல் சில வாரங்களில் 30 மில்லி எடுத்தால், அது மூன்றில் ஒரு பங்கு. முதல் மாதத்தில் இரத்தம் ஏற்ற வேண்டி வந்ததற்கு எங்கள் ஊசிகளுக்கும் பங்கு உண்டு என்பதைப் பெற்றோரிடம் மறைக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

இதெல்லாம் சேர்ந்து பிறந்து 4 முதல் 8 வாரங்களில் ஹீமோகுளோபின் 7, 8 வரை இறங்கும். இரத்தம் ஏற்றிய குழந்தைகளுக்கு இந்த அடிமட்டம் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகும். ஏனென்றால் ஏற்றிய இரத்தம் உடம்புக்கு 'போதும்' என்ற செய்தியைக் கொடுத்து, சொந்த உற்பத்தியை ஒத்திப்போடச் செய்கிறது. போதாததற்கு ஏற்றுவது பெரியவர்களின் இரத்தம். அதில் உள்ள ஹீமோகுளோபின், குழந்தையின் சொந்த ஹீமோகுளோபினைவிட எளிதாக ஆக்சிஜனைத் திசுக்களுக்கு விட்டுக்கொடுக்கும். திசுக்களுக்கு ஆக்சிஜன் தாராளமாகக் கிடைத்தால் எரித்ரோபாய்டின் சுரக்க வேண்டிய தூண்டல் இன்னும் குறையும். இப்போது உங்கள் மகளுடைய ரெட்டிகுலோசைட் 6 சதவீதம் என்பதைப் பாருங்கள். அவை புதிதாகப் பிறந்த சிவப்பணுக்கள். உற்பத்தி சூடு பிடித்துவிட்டது என்று அர்த்தம். இந்த நேரத்தில் இன்னொரு பை இரத்தம் ஏற்றினால் எண் உடனே ஏறும், இப்போதுதான் ஓடத் தொடங்கிய சொந்த உற்பத்தி மறுபடி படுத்துக்கொள்ளும். உங்கள் டாக்டர் காத்திருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

"கூடுதலாக ஏற்றினால் நல்லதுதானே" என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் நீண்ட நாள் இருந்தது. 2020-இல் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. அமெரிக்காவில் நடந்த டாப் ஆய்வில் 1,000 கிராமுக்கு மேற்படாத எடையில் பிறந்த 1,824 குழந்தைகள். ஐரோப்பாவில் நடந்த எட்னோ ஆய்வில் 1,000 கிராமுக்கும் குறைவான 1,013 குழந்தைகள். ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைந்ததுமே இரத்தம், மறு பாதிக்கு இன்னும் கீழே போனால்தான் இரத்தம். இரண்டு வயது வாக்கில் பார்த்தபோது இறப்பிலோ, மூளை வளர்ச்சிக் குறைபாட்டிலோ வேறுபாடு இல்லை. இறந்தவர்களும் குறைபாடு உள்ளவர்களும் சேர்ந்த பங்கு டாப் ஆய்வில், சீக்கிரமே ஏற்றிய பாதியில் 50.1 சதவீதம், காத்திருந்து ஏற்றிய பாதியில் 49.8 சதவீதம். எட்னோவில் அதே வரிசையில் 44.4, 42.9. குடல் அழற்சியான நெக் நோயிலும் வித்தியாசம் தெரியவில்லை. இதையெல்லாம் வைத்து 2024-இல் வந்த சர்வதேசப் பரிந்துரை, 30 வாரத்துக்குள் பிறந்தவர்களுக்கு மூன்றாவது வாரத்திலிருந்து, மூச்சுக்கு உதவி தேவைப்படுகிற குழந்தைக்கு 8.5-க்குக் கீழேயும், தேவைப்படாத குழந்தைக்கு 7-க்குக் கீழேயும் போனால் இரத்தம் ஏற்றலாம் என்கிறது. உங்கள் மகள் ஆக்சிஜன் இல்லாமல் தானாக மூச்சு விடுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 8.4 பயப்படும் எண் அல்ல.

இதை வைத்து எவ்வளவு குறைந்தாலும் பரவாயில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆய்வுகள் எந்த எல்லை வரை பார்த்தனவோ அதுவரைதான் அந்தத் தைரியம் செல்லும்.

எடை விஷயம். இரத்தம் மிகவும் குறைந்த குழந்தை பால் குடிக்கும்போதே களைத்துப்போகும், இதயம் வேகமாகத் துடிக்கும், வெளுத்துத் தெரியும், சில நேரம் மூச்சை நிறுத்தி நிறுத்தி விடும், போதுமான பால் கொடுத்தும் எடை ஏறாது. இவை சேர்ந்து வந்தால் எண் எல்லைக்கு மேலே இருந்தாலும் டாக்டர் இரத்தம் ஏற்ற யோசிப்பார், யோசிக்கவும் வேண்டும். எடை மட்டும் மெதுவாக ஏறுகிறது, குழந்தை மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால், முதலில் பார்க்க வேண்டியது பால். எவ்வளவு குடிக்கிறாள், தாய்ப்பாலில் புரதமும் கலோரியும் கூட்டும் ஃபார்ட்டிஃபையர் தேவையா, குடித்ததைக் கக்குகிறாளா, இவற்றைத்தான். குறைமாதக் குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் ஏற வேண்டும் என்று எதிர்பார்ப்போம். உங்கள் மகள் பத்து வாரத்தில் 1 கிலோவிலிருந்து 2.2 கிலோவுக்கு வந்திருக்கிறாள். பிறந்தவுடன் எல்லாக் குழந்தைகளுக்கும் இறங்கும் எடையையும் சேர்த்துப் பார்த்தாலும், இது அந்த எதிர்பார்ப்புக்குச் சற்றுக் கீழேதான். அதனால் பாலைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எடைக்காக மட்டும் இரத்தம் ஏற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சரி, இப்போது மாமியாரின் கேள்வி. எனக்கு இதுதான் முக்கியமான கேள்வி. ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை.

இரத்தத்தில் இரும்பு இருக்கிறது என்பது சரியே. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு. அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: இன்குபேட்டருக்குப் பக்கத்தில் சிரிஞ்சு பம்ப், அதில் கருஞ்சிவப்பாக 15 மில்லி, மெல்லிய குழாய் வழியாக மூன்று நான்கு மணி நேரம் நகர்ந்துகொண்டே இருக்கும். செவிலியர் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து வெப்பத்தையும் நாடித்துடிப்பையும் எழுதுவார். அந்த 15 மில்லி அடர்த்தியான சிவப்பணுக்களில் சுமார் 10 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. எடை கூடக் கூட ஏற்றும் அளவும் கூடும் என்பதால், மூன்று முறைக்கும் சேர்த்து 30-லிருந்து 35 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்ளலாம். பரிசோதனைக்கு எடுத்த 30 மில்லி இரத்தத்தோடு 14 மில்லிகிராம் அளவுக்கு வெளியே போயிருக்கும். மிச்சம் 20 மில்லிகிராம்தான் நிகர வரவு.

இதை வரவேண்டியிருந்த அளவோடு ஒப்பிடுங்கள். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் உடம்பில் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வாக்கில் இரும்பு இருக்கும். 3 கிலோ குழந்தை என்றால் 225. இதில் பெரும்பங்கு கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வந்து சேருகிறது. உங்கள் மகள் அந்த மூன்று மாதங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் கழித்தாள். 1 கிலோவுக்கு 75 மில்லிகிராமோடு பிறந்தவளுக்கு, இரத்தம் ஏற்றியதில் கிடைத்தது இன்னொரு 20. கையில் இருப்பது 95 சொச்சம். அதில் 50-க்கு மேல் இரத்தத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. மீதிதான் சேமிப்பும் மற்றத் திசுக்களும்.

இனி முன்னால் பாருங்கள். அவள் 5 கிலோ ஆகும்போது இரத்தம் 400 மில்லி இருக்கும். அப்போது ஹீமோகுளோபின் 11 இருக்க வேண்டுமானால் 44 கிராம் ஹீமோகுளோபின் வேண்டும். அதற்கு மட்டும் இரும்பு 150 மில்லிகிராம். இன்று இரத்தத்தில் இருப்பதைவிட ஏறக்குறைய 100 மில்லிகிராம் கூடுதல். தசைக்கும் மூளைக்கும் தேவைப்படுவது தனி. தாய்ப்பாலில் ஒரு லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்கும் குறைவாகத்தான் இரும்பு உண்டு. அது நன்றாகவே உறிஞ்சப்படும், இருந்தாலும் நூறு நாளில் சேருவது 10 மில்லிகிராம் அளவுக்குத்தான். இது தாய்ப்பாலின் குறை அல்ல. நிறைமாதத்தில் பிறந்து, நிறையச் சேமிப்போடு வரும் குழந்தைக்கு முதல் மாதங்களில் அதுவே போதும். கடைசி மூன்று மாதச் சேமிப்பு கிடைக்காத குழந்தைக்குத்தான் சொட்டு மருந்து அந்த இடைவெளியை நிரப்புகிறது. கொடுப்பதில் கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ உறிஞ்சப்பட்டாலும், நாளுக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் உள்ளே சேரும்.

ஆகவே மாமியாரிடம் இப்படிச் சொல்லுங்கள்: "அத்தை, ஏத்தின இரத்தம் அன்னைக்கு அவ மூச்சுக்கு. இந்தச் சொட்டு அவ இனி வளரப்போற உடம்புக்கு."

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் ஏறிவிட்டால் இரும்பை நிறுத்திவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். இரும்பு குறைவாக இருக்கும்போது உடம்பு அதை முதலில் சிவப்பணுக்களுக்குக் கொடுக்கும். மூளையும் தசையும் இதயமும் அதற்குப் பிறகுதான். அதாவது ஹீமோகுளோபின் இறங்குவதற்கு முன்பே மூளைக்குப் போக வேண்டிய பங்கு குறையத் தொடங்கியிருக்கலாம். ஸ்வீடனில் 2,000 முதல் 2,500 கிராம் வரை எடையில் பிறந்த குழந்தைகளிடம் நடந்த ஒரு ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரை இரும்பு கொடுத்த குழந்தைகளிடம் மூன்றரை வயதில் நடத்தைச் சிக்கல்கள் குறைவாக இருந்தன. குறைமாதக் குழந்தைகளின் எடையையோ உயரத்தையோ இரும்பு நேரடியாகக் கூட்டும் என்பதற்கு இதுவரை தெளிவான சான்று கிடையாது. மூளைக்காகவும் இரத்தசோகை வராமலிருக்கவும்தான் கொடுக்கிறோம். "சொட்டு ஆரம்பிச்சும் குண்டாகலையே" என்று கவலைப்பட வேண்டாம்.

அதே நேரம், இரும்பு கூடினால் கெடுதலும் உண்டு. மாமியாரின் பேச்சில் இருக்கும் உண்மை இங்கேதான் வருகிறது. ஏழெட்டு முறை, பத்து முறை இரத்தம் ஏற்றிய குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்கள் உடம்பில் நிஜமாகவே இரும்பு தேங்கியிருக்கும். உபரி இரும்பை வெளியேற்ற உடம்புக்குச் சரியான வழி கிடையாது. கட்டுப்படாத இரும்பு செல்களை அரிக்கும். அதைத் தடுக்கும் திறன் குறைமாதக் குழந்தையிடம் குறைவு. அதனால்தான் ஐரோப்பியக் குழந்தைகள் ஊட்டச்சத்து வல்லுநர் குழுவின் வழிகாட்டுதல், 2 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்தவர்களுக்கு நாளுக்குக் கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் என்று சொல்வதோடு, ஃபெரிட்டின் 300-ஐத் தாண்டியிருந்தால் நிறுத்திவைக்கச் சொல்கிறது, 35-க்குக் கீழே போனால் அளவைக் கூட்டச் சொல்கிறது. உங்கள் மகளின் 160 இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. தொடங்குவதற்குச் சரியான நேரம்.

ஃபெரிட்டினைப் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: காய்ச்சலோ தொற்றோ இருக்கும் நாட்களில் அது தானாகவே ஏறிக் காட்டும். அன்றைக்கு எடுத்த எண்ணை வைத்து முடிவு செய்யக் கூடாது.

வளர்ச்சிக்கும் உபரி இரும்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 2002-இல் வெளியான ஓர் ஆய்வை நான் மறப்பதில்லை. ஸ்வீடனிலும் ஹோண்டுராஸிலும் தாய்ப்பால் குடிக்கும் நிறைமாதக் குழந்தைகளுக்கு இரும்பு கொடுத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே போதுமான இரும்பு உள்ள குழந்தைகளுக்கு அது உயரம் கூடும் வேகத்தைச் சற்றே குறைத்தது. அவர்கள் குறைமாதக் குழந்தைகள் அல்ல, ஆகவே அப்படியே உங்கள் மகளுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் "இரும்புதானே, கொஞ்சம் கூடக் கொடுத்தால் என்ன" என்று யாராவது சொன்னால் இந்த ஆய்வைத்தான் அவர்களிடம் சொல்வேன்.

இனி அன்றாடம் நடக்கும் தவறுகள். புத்தகத்தில் இவை அரைப் பக்கம்கூட வராது, கிளினிக்கில் பாதிப் பிரச்சினை இங்கேதான்.

சொட்டு மருந்து பாட்டில்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்காது. சிலவற்றில் உப்பின் எடையைப் பெரிதாக அச்சிட்டிருப்பார்கள், அதில் உள்ள தனி இரும்பின் அளவு கீழே சின்ன எழுத்தில் இருக்கும். நமக்கு வேண்டியது இரண்டாவது. 2.2 கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்றால் நாளுக்கு 4.4 மில்லிகிராம். ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் தனி இரும்பு உள்ள மருந்தில் அது 0.44 மில்லி. 25 மில்லிகிராம் உள்ளதில் 0.18 மில்லிதான். கடையில் "இதுவும் அதேதான்" என்று வேறு கம்பெனி பாட்டிலைக் கொடுத்தால், பழைய அளவை அப்படியே ஊற்றாதீர்கள். மில்லியில் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்துவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். மூடியில் வரும் டிராப்பரைவிட 1 மில்லி சிரிஞ்சு நம்பகமானது. ஃபார்ட்டிஃபையரோ குறைமாதக் குழந்தைகளுக்கான பால்பவுடரோ கொடுக்கிறீர்கள் என்றால் அதிலும் இரும்பு இருக்கும். அதையும் சேர்த்துத்தான் கணக்கு. மலம் கறுப்பாகவோ கரும்பச்சையாகவோ போவது இயல்பு. வீட்டில் மூத்த பிள்ளை இருந்தால் பாட்டிலை எட்டாத இடத்தில் வையுங்கள். சின்னப் பிள்ளை மொத்தமாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இன்னொரு தவறு, என்னை நிஜமாகவே வருத்தியது. ஒரு அம்மா, பிறந்தபோது 1.2 கிலோ இருந்த மகனை ஆறு மாதத்தில் அழைத்து வந்தார். கொழுகொழுவென்று, 6 கிலோ. அளவு எழுதிய சீட்டை மடிப்புக் கிழியும்வரை பத்திரமாக வைத்திருந்தார். ஒரு நாள்கூட விடாமல் மருந்து கொடுத்திருக்கிறார், டிஸ்சார்ஜ் அன்று 2 கிலோவுக்கு எழுதிய அதே 0.4 மில்லி. ஃபெரிட்டின் 9 காட்டியது. அவர் சொன்னபடி செய்தார். எடை கூடக் கூட அளவையும் கூட்ட வேண்டும் என்று அந்தச் சீட்டில் நாங்கள்தான் எழுதவில்லை. அவ்வளவு நன்றாக வளர்ந்த குழந்தை, வளர்ந்ததாலேயே இரும்பைச் செலவழித்துவிட்டது. அன்றிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்த மூன்று எடைகளையும் அவற்றுக்கான அளவையும் சேர்த்தே எழுதுகிறேன்: 2 கிலோவில் இவ்வளவு, 3 கிலோவில் இவ்வளவு, 4 கிலோவில் இவ்வளவு.

நீங்களும் அப்படி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குறைந்தது 6 மாதம் வரை, பல குழந்தைகளுக்கு ஒரு வயது வரை இது தொடரும். இணை உணவில் இரும்பு போதுமான அளவு சேரும்போதுதான் நிறுத்துவது பற்றிப் பேச வேண்டும். இரண்டு வாரத்தில் அடுத்த பரிசோதனை என்று எழுதியிருக்கிறீர்கள். அன்று ஹீமோகுளோபினையும் ரெட்டிகுலோசைட்டையும் பார்ப்பார்கள். அது 8.4-லேயே நின்றாலும், 8-க்கு இறங்கினாலும், குழந்தை நன்றாகக் குடித்து எடை கூடியிருந்தால் பயப்படாதீர்கள். அதற்குள் மேலே சொன்ன அறிகுறிகள் ஏதாவது தெரிந்தால், முக்கியமாக மூச்சு நின்று நின்று வந்தாலோ பால் குடிக்கும்போது வெளுத்துக் களைத்தாலோ, அந்தத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே போங்கள். போகும்போது மருந்துச் சீட்டோடு சொட்டு மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் கையில் எடுத்துப் போய், அன்றைய எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டர் முன்னாலேயே அளந்து காட்டச் சொல்லுங்கள்.